பங்குப் பாட்டு

போன கிழமை கனடாவில இருந்து ஒருத்தர் எங்கடை பாட்டைத் திருத்தி அனுப்பியிருந்தார். திருத்தித் தாங்கோ எண்டு நான் கேக்கேல்லை. ஆள் கூடாத மனுசன் இல்லை. இஞ்சத்தை வெளிவராத பாட்டுகளைத் தேடி எடுத்து இணையத்தில ஏத்துறவர். நான்தான் அனுப்பினன், ஊருலகம் ஒருக்கா என்ரை குரலைக் கேக்கட்டும் எண்ட ஆசையில. யாழ்ப்பாணத்தில இப்பிடி ஒரு ஃபங்க் பாட்டு இருக்கெண்டு தனக்குத் தெரியாமல் போச்சே எண்டு நல்லாப் புகழ்ந்துபோட்டு, ஒரே ஒரு பிழைதான் எண்டு எழுதியிருந்தார். 'வாறியோ' எண்டு நான் கேட்டு முடிக்கிற இடத்தில நாலு தாளத் தட்டுக்கு ஒண்டுமே இல்லையாம். ஏதோ விடுபட்டுப் போச்சு எண்டு நினைச்சு அதுக்குள்ள ஒரு சக்சபோனை ஊதி நிரப்பியிருந்தார். எனக்கு வந்த விசருக்கு ஃபோனைக் கிணத்துக்குள்ள எறியாமல் விட்டது பெரிய காரியம்.

விடுபட்டுப் போகேல்லை ஐயா. அது விட்டது. ஒரு ஆள் வாறதுக்கெண்டு விட்ட இடம்.

விட்டவர் எங்கடை பேஸ் அண்ணை. அவருக்கு ஞானஸ்நானத்தில வைச்ச நீளமான பேர் ஒண்டு இருந்தது, ஆரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கலியாண வீடு, கோயில் திருவிழா எண்டு வாசிக்கப் போற எங்கடை கோஷ்டியில பேஸ் கிற்றார் அவர். அதால பேஸ் அண்ணை. குருநகர் ஆள். பகலில மீன் வாடிகளுக்கு ஐஸ் ஏத்துற சின்ன லொறி ஓடுவார். பின்னேரம் ஒத்திகைக்கு வரேக்க விரலெல்லாம் விறைச்சுப்போய் இருக்கும். தேத்தண்ணிக் கோப்பையை ரண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு இருப்பார், குடிக்க மாட்டார். விரல் இளகினாப் பிறகுதான் கிற்றாரைத் தொடுவார். அந்த ஆறின தேத்தண்ணியை ஆர் குடிக்கிறது எண்டு நான் ஒவ்வொரு நாளும் சண்டை பிடிப்பன்.

எதிலயும் இடம் விடுற மனுசன். வாங்கில இருந்தால் பக்கத்தில ஒரு ஆளுக்கு இடம் விட்டுத்தான் இருப்பார், அறையில நாங்கள் ரண்டு பேர் மட்டும் எண்டாலும். சோறு போட்டுச் சாப்பிட்டால் சோத்துக் கோப்பையின்ரை ஒரு ஓரம் வெறுமையாய்க் கிடக்கும். பகிடி சொல்லத் துவங்கினால் சிரிக்க வேண்டிய சொல்லுக்கு முதல் அப்பிடியொரு இடம் விடுவார், நாங்கள் அதுக்குள்ள வேற கதை கதைச்சு முடிச்சிடுவம். "என்ன அண்ணை, மிச்சத்தை வாற மாசமோ சொல்லப்போறியள்?" எண்டு கேட்டால் அதுக்கும் சிரிச்சுக்கொண்டு இருப்பார்.

எல்லாத்திலும் பெரிய கரைச்சல் அவர் வெளிக்கிடுற நேரம்தான். எங்கடை ஊரில ஒருத்தரும் 'போறன்' எண்டு சொல்லிப்போட்டுப் போறதில்லை, 'வாறன்' எண்டுதான் சொல்லுறது. சொல்லிப்போட்டுப் போயிடுவம். இவர் போகமாட்டார். "வாறன்" எண்டு சொல்லிப்போட்டு, ஆராவது "ஓம், வாங்கோ" எண்டு சொல்லுமட்டும் நிப்பார். நாங்கள் வயரைச் சுத்துற அவசரத்தில மறந்துபோனால், லொறிச் சாவியைக் கையில வைச்சுக்கொண்டு வாசலில ஆள் நிக்கும்.

ஃபங்க் எண்ட அந்த அமெரிக்க ஆட்டப் பாட்டு அவருக்கு எப்பிடிப் பிடிபட்டதெண்டால், அவரின்ரை மாமன் ஒருத்தர் கப்பலில வேலை செய்து ஊருக்கு வரேக்க ஒரு பெட்டி நிறைய ரேப் கொண்டு வந்தவராம். சண்டைக் காலம், கரன்ட் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில ரேப் கேட்டவை. சுத்துற ஆள் களைச்சால் பாட்டும் இழுபட்டு நிண்டுபோகும். அந்த நேரம் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்திருப்பினமாம். "அதுதான் உங்களுக்கு உந்த நோய் பிடிச்சது" எண்டு நான் சொல்லுவன். "ஓம் பிள்ளை, உதாத்தான் இருக்கும்" எண்டு ஒத்துக்கொள்ளுவார்.

எனக்கு முதல் கோஷ்டியில பாடினது அவரின்ரை மனிசி. சண்டை முடிஞ்சு பாதை திறந்த கையோட இத்தாலிக்குப் போனவா, ஒரு வயசுபோன பெண்ணைப் பாக்கிற வேலைக்கு. ரண்டு வருசத்தில வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவா. இவருக்கு ஒருக்கா விசாவுக்குப் போட்டுப் பாத்தது, முத்திரை குத்தித் தரேல்லை. அவாவின்ரை இடத்துக்குத்தான் நான் வந்தன். நான் நீர்வேலிப் பெட்டை, நல்லூரில ஒரு புடவைக் கடையில வேலை. வேலை முடிஞ்சால் பாட்டு. பாடினதெல்லாம் சினிமாப் பாட்டு, ஆரோ பாடினதை அதே மாதிரிப் பாடுறது. எனக்கெண்டு ஒரு பாட்டும் இல்லை. அதால பேஸ் அண்ணை தான் கட்டின பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்ட நாள் எனக்கு நிலத்தில கால் படேல்லை.

பாட்டு இதுதான். "பஸ்ஸும் வந்திட்டுது, மழையும் வந்திட்டுது, வாறியோ? மீனும் வித்து முடிஞ்சுது, விளக்கும் வைச்சாச்சு, வாறியோ?" கீழ அவரின்ரை பேஸ், விட்டு விட்டு, இடுப்பைப் பிடிச்சு ஆட்டுற மாதிரி. ஒவ்வொரு 'வாறியோ'வுக்கும் பிறகு எல்லாம் நிக்கும். நாலு தட்டு. பேந்து திரும்பத் துவங்கும். சும்மா நிக்க எனக்குத் தெரியாதே. வரி முடிஞ்ச இடத்தில ஒரு இழுப்பு, ஒரு குலுக்கல், ஏதாவது வந்திடும். அவர் கம்பியில இருந்து கையை எடுத்திடுவார்.

"பிள்ளை, இடம் விடும்."

ஆருக்கு எண்டு கேட்டன். அந்த நாலு தட்டுக்குள்ள 'வாறன்' எண்டு ஒரு சொல்லு வரும், அதைத் தன்ரை மனிசி வந்து பாடுவா எண்டார். அதுவரைக்கும் பாட்டு வெளியில போகாது. எனக்கு முகம் சுண்டிப் போச்சு. என்ரை பாட்டு எண்டு நினைச்சுக்கொண்டு வந்தால், அது இத்தாலியில இருக்கிற மனுசியின்ரை பாட்டு, நான் கேள்வி கேக்கிறதுக்கு மட்டும்.

ரெக்கோடிங்குக்கு விட எங்கடை வீட்டில கேக்க வேணுமெண்டு அவரே நீர்வேலிக்கு வந்தவர். ஐஸ் லொறியோட. ஒழுங்கை முழுக்கத் தண்ணி. என்னைப் பெத்த ஐயா வாழைத் தோட்டத்துக்குள்ள நிண்டவர், சேறு பிடிச்ச காலோட வந்தார். பேஸ் அண்ணை மரியாதையாய், "மகளை வைச்சு ஒரு ஃபங்க் பாட்டு அடிக்கப்போறம்" எண்டு சொன்னார். ஐயாவின்ரை காதில விழுந்தது 'பங்கு'. அந்த வருசம் சித்தப்பாவோட காணிப் பங்கு கேட்டுப் பெரிய பிரச்சினை, கதை பேச்சு இல்லை. ஐயாவுக்கு மூக்கு நுனி சிவந்து போச்சு. பங்கு கேட்டுப் பாட்டுப் படிக்கிற அளவுக்கு வந்திட்டானோ, ஆர் உம்மை அனுப்பினது எண்டு துவங்கினார் பாருங்கோ! பேஸ் அண்ணை தன்ரை வழக்கப்படி பதிலுக்கு முதல் ஒரு இடம் விட்டார். அந்த இடத்துக்குள்ள ஐயா அவரைச் சித்தப்பாவின்ரை ஆளெண்டு முடிவே கட்டிப்போட்டார். நான் ஓடிப்போய் விளங்கப்படுத்தி, அம்மா தேத்தண்ணி குடுத்து, ஒருமாதிரிச் சம்மதம் வாங்கினது. வெளிக்கிடேக்க "வாறன்" எண்டு சொல்லிப்போட்டுப் படலையடியில நிண்டார். ஐயா உள்ள போயிட்டார். இவர் நிக்கிறார். பேந்து ஐயா திரும்பி வந்து, எரிச்சலோட, "ஓம் ஓம், வாரும்" எண்டாப் பிறகுதான் லொறி கிளம்பினது. உந்த மனுசனுக்குப் பதில் சொல்லாட்டி விடியுமட்டும் நிப்பான் எண்டு ஐயா சொல்லிக்கொண்டு திரிஞ்சார்.

முதல் ரெக்கோடிங்கும் அந்தச் சொல்லாலதான் நடந்தது. கத்தோலிக்க ஆக்களுக்குப் பங்கு எண்டால் ஒரு கோயிலைச் சேர்ந்த சனம். கோயில் பங்குத்தந்தைக்கு ஆரோ போய், பேஸ் அண்ணை 'பங்குப் பாட்டு' ஒண்டு செய்யிறார் எண்டு சொல்லிப்போட்டினம். திருநாள் கிட்டடியில. ஃபாதருக்குச் சந்தோசம் தாங்கேல்லை. மண்டபத்தைச் சும்மா தந்தார், கரன்ட் தந்தார், பாடகர் குழு அக்காமாரிட்டை ரோல்ஸும் பற்றீஸும் சுட்டு அனுப்பச் சொன்னார். நாங்களும் ஏனெண்டு கேளாமல் திண்டம். மண்டப யன்னலெல்லாம் கோயில் விரிப்புகளைக் கட்டி, சத்தம் போகாமல் மறைச்சு, வாசிச்சு முடிக்கிற நேரம் ஃபாதர் வந்து கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். முழுக்கக் கேட்டார், கால் தாளம் போட்டது. நல்லாயிருக்கு எண்டார். ஆனால் ஆண்டவரின்ரை பேர் ஒரு இடமும் வரேல்லையே எண்டார்.

பேஸ் அண்ணை இடம் விட்டார். நான் நிலத்தைப் பாத்தன். பிறகு ஆறுதலாய், இது பங்கு இல்லை ஃபாதர், ஃபங்க் எண்டு சொன்னார். ஃபாதர் கோவிப்பார் எண்டு பாத்தால், அவர் யோசிச்சுப்போட்டு, பரவாயில்லை, 'வாறியோ' எண்டு கூப்பிடுறது ஆண்டவர் எண்டு வைப்பம், அந்த வெறும் இடத்தில பாடகர் குழு எல்லாரும் சேர்ந்து 'வாறம்' எண்டு பாடட்டும், திருநாளுக்கே போடலாம் எண்டார். சத்தியமாய் எனக்கு அது நல்ல யோசினையாத்தான் பட்டது. மறு கிழமையே ஒலிபெருக்கியில என்ரை குரல் கேட்டிருக்கும். கடலடி முழுக்கக் கேட்டிருக்கும். பேஸ் அண்ணை தலையை ஆட்டினார். அந்த இடத்தில ஒரு ஆள் இருக்கிறா ஃபாதர் எண்டார். அதோட முடிஞ்சுது.

ரண்டாவது ரெக்கோடிங் நல்லூரில, ஒரு ரியூசன் வகுப்புக்கு மேல் மாடியில இருந்த சின்ன ஸ்ரூடியோவில. அதுக்குள்ள அண்ணையின்ரை மனிசி வாறன் வாறன் எண்டு சொன்ன ரண்டு வருசம் எப்பவோ தாண்டிப் போச்சு. பாத்துக்கொண்டு இருந்த கிழவி செத்துப்போய், வேற கிழவி வந்து, அவா அங்கயே நிண்டுட்டா. நான்தான் சொன்னன், ஃபோனில பாட வைப்பம் எண்டு. ஸ்ரூடியோப் பொடியனும் ஏலும் எண்டான். ஃபோனை மைக்குக்கு முன்னால பிடிச்சம். நான் "வாறியோ" எண்டு பாடினன். நாலு தட்டும் வெறுமையாய்ப் போச்சு. அடுத்த வரிக்கு நான் வாயைத் திறக்க, அதுக்கு மேல வந்து விழுந்தது இத்தாலியில இருந்து "வாறன்". திரும்பச் செய்தம். திரும்பவும் அதே மாதிரித்தான், சுணங்கி. ஃபோனுக்குள்ளால குரல் வந்து சேர அவ்வளவு நேரம் எடுத்தது. அதை வெட்டி எடுத்துச் சரியான இடத்தில ஒட்டலாம், ஒரு நிமிச வேலை எண்டான் பொடியன். பேஸ் அண்ணை விடேல்லை. சுணங்கின சொல்லை முன்னுக்கு இழுத்து வைச்சால் அது அவள் சொன்னது இல்லை, நான் சொன்னது எண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உங்களுக்குப் பாட்டு வேணுமோ, பொஞ்சாதி வேணுமோ எண்டு கேட்டிட்டன். கேட்ட பிறகு நாக்கைக் கடிச்சன். அவர் கோவிக்கேல்லை. ஃபோனில அவா இன்னும் லைனில நிண்டவா, கேட்டிருப்பா.

அடுத்த வருசம் அவா வந்தா. உண்மையாவே வந்தா, லீவில. பேஸ் அண்ணை வீட்டுக்குப் பெயின்ற் அடிச்சவர், லொறியையும் கழுவினவர். அவா நல்ல வடிவு. கொஞ்சம் மெலிஞ்சு, கதைக்கேக்க கையை ஆட்டி ஆட்டிக் கதைச்சா. என்னைக் கட்டிப்பிடிச்சு, நீர்தானோ அது, என்ன குரல் எண்டு சொன்னா. நான் அவாவை வெறுக்கிறதுக்கு ஆயத்தமாய்ப் போனவள், ஏலாமல் போச்சு.

மூண்டாவது ரெக்கோடிங். அதே மாடி. ரியூசன் முடிஞ்சு பிள்ளையள் சைக்கிள் எடுத்துக்கொண்டு போற சத்தம் அடங்குமட்டும் காத்திருந்தம். அவாவும் நானும் ரண்டு மைக்கில, பக்கத்தில பக்கத்தில. பேஸ் அண்ணை எங்களுக்கு முன்னால, கதிரை நுனியில. அண்டைக்குத் தேத்தண்ணியும் கேக்கேல்லை, விரல் இளகித்தான் இருந்தது. துவங்கினார். நான் பாடினன், இவ்வளவு காலத்தில அப்பிடி நான் பாடினதில்லை. "பஸ்ஸும் வந்திட்டுது, மழையும் வந்திட்டுது, வாறியோ?"

அவா வாயைத் திறந்தா. மூச்சை இழுத்தா. நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். சொல்லு வரேல்லை.

நாலு தட்டும் போச்சு. பேஸ் அண்ணை நிப்பாட்டேல்லை, வாசிச்சுக்கொண்டே போனார். நான் அடுத்த வரியைப் பாடினன், அடுத்த 'வாறியோ'வைக் கேட்டன். திரும்பவும் மூச்சை இழுத்தா, திரும்பவும் வரேல்லை. கடைசிவரைக்கும் அப்பிடியே. கண் மட்டும் நிறைஞ்சு நிண்டது. முடிஞ்சவுடன பொடியன், அக்காவுக்குப் பதட்டம் போல, இன்னொருக்கா எடுப்பம் எண்டான். பேஸ் அண்ணை கிற்றாரைக் கழட்டி வைச்சுப்போட்டு, இதுதான், இது காணும், இனி எடுக்க வேண்டாம் எண்டார்.

"அவா ஒண்டும் சொல்லேல்லையே, அண்ணை."

"சொன்னவள் பிள்ளை. நீர் கேக்கேல்லையோ?"

படியில இறங்கேக்க அவா என்ரை கையைப் பிடிச்சா. விரல் சில்லிட்டிருந்தது. "சும்மா பாட்டுக்குத்தானே, ஏன் சொல்லாமல் விட்டனீங்கள்?" எண்டு கேட்டன்.

"ஃபோனில எத்தினை வருசமாய்ச் சொல்லிப்போட்டன், தங்கச்சி. அவரின்ரை முகத்தைப் பாத்து அதைப் பொய்யாய்ச் சொல்ல எனக்கு ஏலாமல் கிடக்கு. நான் இனி இஞ்ச வந்து இருக்கமாட்டன்."

அவருக்கு அதை நேரில சொன்னாவோ தெரியாது. சொல்லத் தேவையும் இருக்கேல்லை. லீவு முடிஞ்சு கொழும்பு பஸ்ஸுக்கு ஏத்திவிட்டுப்போட்டு அவர் நேர ஐஸ் ஏத்தப் போனவர். மறு கிழமை ஒத்திகைக்கு வந்தார். வாங்கில இருந்தார், பக்கத்தில இடம் விட்டு. எனக்குப் பாத்துக்கொண்டு இருக்க ஏலேல்லை. இனி ஆருக்கு அண்ணை அந்த இடம் எண்டு கத்த வேணும் போல இருந்தது. கத்தேல்லை. போய் அதில இருந்தன். அவர் கொஞ்சம் தள்ளி, அங்கால ஒரு ஆளுக்கு இடம் விட்டார். நான் சிரிச்சன், பிறகு அழுதன்.

அண்டைக்குத்தான் பாட்டிருந்த பென்ட்ரைவை என்ரை கையில தந்தார். இது உம்மடை பாட்டு, வெளியில விடுறதெண்டால் விடும், இடத்தை மட்டும் நிரப்பாதையும் எண்டார். அந்தப் பாட்டைப் பற்றி அவர் அதுக்குப் பிறகு கதைச்சதில்லை.

நான் அப்பவே விட்டிருக்கலாம். எனக்கு ஆசை இல்லையோ? இருக்கு. நிறைய இருக்கு. ஆனால் கேக்கிற ஆக்களுக்கு அந்த இடம் பிழை மாதிரித்தான் கேக்கும் எண்டு தெரியும். ஹெட்போனைப் போட்டு, சத்தத்தை நல்லாக் கூட்டினால்தான் அதுக்குள்ள ஒரு பெண் மூச்சு இழுக்கிறது கேக்கும். கனடாக்காரர் சக்சபோன் வைச்சு ஊதினது அந்த மூச்சுக்கு மேலதான். நான் அவருக்குத் திரும்ப எழுதினன், அந்த இடத்தை வெறுமையாய் விட்டால் மட்டும் பாட்டை வெளியில விடுங்கோ எண்டு. சனம் கேட்டு, பாட்டு நிண்டு போச்சு எண்டு நினைச்சு அடுத்ததுக்குத் தட்டிவிடுமே அக்கா எண்டு பதில் வந்தது. அப்ப வேண்டாம் எண்டு எழுதிப்போட்டன். இந்தச் சென்மத்தில என்ரை குரலுக்கு வந்த ஒரே பாட்டு அது.

பேஸ் அண்ணை பாட்டைத் தந்த அடுத்த வருசமே மாரடைப்பில போனவர். லொறிக்குள்ளயே, வாடிக்கு முன்னால. ஐயாவும் நானும் செத்த வீட்டுக்குப் போனம். அவா வாறாவெண்டு அவர் அடிச்ச பெயின்ற் இன்னும் மங்கேல்லை. அவாவுக்கு உடன வர ஏலாமல் போச்சு. அண்ணையின்ரை மருமகன், அக்காவின்ரை பொடியன், பெட்டியின்ரை தலைமாட்டில நிண்டு ஃபோனைப் பிடிச்சுக்கொண்டிருந்தான், அதுக்குள்ளால அவா இத்தாலியில இருந்து பாத்துக்கொண்டு இருந்தா. அழுது அழுது குரல் இல்லை. சும்மா பாத்துக்கொண்டு இருந்தா.

செத்த வீட்டில 'வாறன்' எண்டு சொல்லுறதில்லை. சின்னனில இருந்து சொல்லித்தந்து வளத்தது. எழும்பினால் பேசாமல் எழும்பிப் போயிட வேணும். எனக்கு நல்லாத் தெரியும். ஆனால் எத்தினை வருசம் அந்த மனுசனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். பெட்டியடியில குனிஞ்சு, கும்பிட்டு, என்னை அறியாமலே "அண்ணை, வாறன்" எண்டிட்டன்.

சுத்தி இருந்த மனுசியள் ஒப்பாரியை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தினம். ஐயா என்ரை முழங்கையில பிடிச்சு இழுத்தார். நான் அசையேல்லை. பதில் வருமட்டும் அவர் எப்பிடி நிப்பாரோ அப்பிடி நிண்டன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நாலு தட்டும் போச்சு. ஐயா சொன்ன மாதிரி விடியுமட்டும் நிண்டாலும் இனிப் பதில் இல்லை எண்டு திரும்பினன்.

அப்பத்தான் ஃபோனுக்குள்ளால வந்தது. எப்பவும் போல, சுணங்கி.

"வாறன்."

பாடேல்லை. சாதாரணமாய், வீட்டை விட்டு வெளிக்கிடுற ஆக்கள் சொல்லுற மாதிரி. மருமகன் பயந்துபோய் ஃபோனைத் திருப்பிப் பாத்தான். அவா என்னைப் பாக்கேல்லை, பெட்டியைத்தான் பாத்துக்கொண்டு இருந்தா. ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. ஆராவது சொல்லத்தானே வேணும்.

"ஓம், வாங்கோ அக்கா" எண்டு நான் சொன்னன்.